பித்தளைக்கு ஆகாத அறை

அத்தியாயம் 7

ஹாரனுக்கு உலகத்தில் இரண்டே பயம். ஒன்று, அவன் பெண்டாட்டி. இன்னொன்று, மூடிய கதவு. பெண்டாட்டியைச் சமாளிக்கத் தலையை ஆட்டினால் போதும் என்று கல்யாணமான வருஷமே கற்றுக்கொண்டுவிட்டான். மூடிய கதவிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. எப்போதோ ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டு அரை நாள் கிடந்ததிலிருந்து எத்தனை மாடியானாலும் அவனுக்குப் படிதான். ஏறியே தீரவேண்டும் என்றால் லிஃப்ட் மெக்கானிக்கின் போன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பான். குளியலறையில் தாழ்ப்பாள் போட மாட்டான். அதற்குப் பதிலாக உரக்கப் பாடுவான். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் வருகிற தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

அப்பேர்ப்பட்டவனை அன்று மத்தியானம் ஓர் ஐஸ் கம்பெனியின் மெஷின் ரூம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் சர்வேயர் அம்மா. ஜன்னல் கிடையாது. கதவு ஒன்றே ஒன்று. அந்தக் கதவையும் உள்ளே இருக்கிற இருட்டையும் மாறி மாறிப் பார்த்தான் ஹாரன்.

"மேடம், நான் வண்டியிலயே இருக்கட்டுமா? ஏசி ஓடாதுதான். ஆனா அதுல நாலு கதவு இருக்கு."

"பையை எடுத்துக்கிட்டு வா."

சர்வேயர் அம்மா அதிகம் பேசுகிற ரகம் இல்லை. பேச்சுக்கு ஆள் வைத்திருந்தார்; அந்த ஆள்தான் ஹாரன். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த பட்டப்பெயர் அது. வண்டியின் ஹாரன் பழுதான அன்றைக்கும் அவன் வாயாலேயே வழி கேட்டுக்கொண்டு போய்விட்டான் என்பார்கள். அம்மா முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவர். எரிந்த குடோன், வெடித்த பாய்லர், ஓட்டை விழுந்த ஆசிட் டாங்கி என்று எதைக் காட்டினாலும் இது தானாக நடந்ததா, நடத்தி வைத்ததா என்று சொல்லிவிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மூக்கு ஓய்வு பெறவில்லை. துப்பறிய வந்துவிட்டார்.

முந்தின நாள் காலையில்தான் அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தாள். இந்த ஐஸ் கம்பெனியின் ஆபரேட்டர் அவள் கணவர். போன வாரம் இதே மெஷின் ரூமில் அமோனியா கசிந்து செத்துப்போனார். அவருக்குக் கீழே ஹெல்பராக இருந்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அக்காள் புருஷனை உள்ளே வைத்துப் பூட்டிக் கொன்றான் என்று போலீஸ் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இன்று சாயங்காலம் கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள். நிறுத்திவிட்டால் அப்புறம் ஜெயில்தான்; வெளியே வருவது குதிரைக்கொம்பு. அவள் அழவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள்.

"ஒரு ஆளுக்காக அழலாம் மேடம். ரெண்டு பேருக்கு அழ என்கிட்ட தெம்பு இல்ல."

போலீஸ் கணக்கு சுலபமானது. செத்தவரின் கை முட்டிகள் கிழிந்திருந்தன. உள்ளேயிருந்து கதவை அறைந்திருக்கிறார். ஆகவே யாரோ வெளியே பூட்டியிருக்கிறார்கள். பூட்டுக்கு இரண்டு சாவி. மேனேஜரிடம் இருந்த சாவி தொலைந்து வெகுகாலம் ஆயிற்றாம், அவரே சொல்லிவிட்டார். இன்னொன்று ஹெல்பரிடம் இருந்தது. சாவுக்கு முந்தின நாள் மாமனும் மச்சானும் வாய்ச்சண்டை போட்டதை லோடு ஏற்றுகிற ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். "சாவி உன்கிட்ட இருந்துச்சா?" என்று கேட்டார்கள். "இருந்துச்சு" என்றான். ஒத்துக்கொண்டானே, அப்புறம் சாவி எதற்கு என்று அதை வாங்கிக்கூட வைக்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது அவன் அக்காவிடம் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அந்தச் சாவியை அவள் மேஜைமேல் வைத்தாள். பித்தளைச் சாவி. பளபளவென்று கடையிலிருந்து நேராக வந்ததுபோல இருந்தது. சர்வேயர் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஹாரன் பக்கம் திரும்பி, லிஃப்டில் போகும்போது கையில் என்ன எழுதிக்கொள்வாய் என்று கேட்டார். ஊரே கேலி செய்தாயிற்று, இவர் ஒருவர்தான் பாக்கி இருந்தார் என்று நினைத்துக்கொண்டு ஹாரன் பதில் சொன்னான். அம்மா சிரிக்கவில்லை. சாவியை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்து, அவளை மட்டும் தனியாக உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய் வெகுநேரம் பேசினார்.

அதனால்தான் இன்று அவளும் வந்திருந்தாள். மெஷின் ரூம் கதவுக்கு வெளியே சுவரில் ஓர் ஆணி. அதில் ஆபரேட்டரின் பெல்ட் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப்போக வந்திருக்கிறாள் என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தார்கள். பாவம், எடுத்துக்கட்டும் என்றார் மேனேஜர். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். பக்கத்தில் வந்தாலே சென்ட் வாசனை. இதற்கு முன்னால் ஒரு தங்கும் விடுதியை நடத்தியவராம். அந்தப் பழக்கத்தில்தான் மெஷின் ரூமுக்கும் விடுதி அறைக் கதவுக்குப் போடுகிற பூட்டாகப் போட்டிருந்தார். இரண்டு பக்கமும் சாவித்துளை, துளையைச் சுற்றிக் கறுத்துப்போன பித்தளைத் தகடு.

"பெல்ட்டை ஏன் வெளிய மாட்டுவார்?" என்று ஹாரன் கேட்டான்.

கொக்கி பித்தளை என்றாள் அவள். கல்யாண நாளுக்கு அவள்தான் வாங்கிக் கொடுத்தாளாம். ஆசையாக வாங்கியதை வீட்டில் வைக்கவும் மனசில்லை, உள்ளே கொண்டுபோகவும் முடியாது. தினமும் இங்கே கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவாராம்.

சர்வேயர் அம்மா விளக்கினார். அமோனியாவோடு பிழைப்பு நடத்துகிறவர்கள் செம்பையும் பித்தளையையும் அண்டவிட மாட்டார்கள். குழாய், வால்வு, திருகு எல்லாமே இரும்பு. மரத்துக்குக் கறையான் எப்படியோ அப்படித்தான் பித்தளைக்கு அமோனியா. அதிலும் ஈரம் சேர்ந்தால் அரித்து நீலம் பூத்துவிடும், நாளாவட்டத்தில் விரிசல் விட்டு முறிந்தே போகும். கதவுக்குப் பித்தளைப் பூட்டுப் போட்ட அன்றைக்கே ஆபரேட்டர் சத்தம் போட்டிருக்கிறார். மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அவர் பழக்கத்தை நாமளும் மதிப்போம். ஹாரன், உன் சாவிக்கொத்து."

அவனுடைய சாவிக்கொத்தில் குட்டிப் பித்தளை ஹாரன் ஒன்று தொங்கியது. டாக்சி நண்பர்கள் கொடுத்த பரிசு. மனசில்லாமல் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"சார், உங்ககிட்ட பித்தளை ஏதாவது?"

"ஒன்னும் இல்ல மேடம்" என்றார் மேனேஜர், இரண்டு கையையும் விரித்துக் காட்டி.

போன்களும் வெளியே மேஜையில் வைக்கப்பட்டன. மெஷின் ரூமுக்குள் போன் கூடாது என்று மேனேஜரே பலகை எழுதி வைத்திருந்தார். அம்மா தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனார். பின்னால் மேனேஜர். கடைசியாக ஹாரன், ஒரு காலை வெளியே விட்டு ஒரு காலை உள்ளே வைத்து, கடைசியில் அந்தக் காலையும் இழுத்துக்கொண்டான்.

உள்ளே கம்ப்ரெஸர் ஓய்ந்து கிடந்தது. ஆபரேட்டர் போனதிலிருந்து ஐஸ் போடவில்லை. சுவரை ஒட்டிக் குழாய்கள், தடித்தது மெலிந்தது என்று குறுக்கும் நெடுக்குமாக ஓடின. எண்ணெய்ப் பிசுக்கு படிந்த தரை. ஒரு மூலையில் வாளியில் தண்ணீர். ஹாரனின் முதுகுக்குப் பின்னால் கதவு தானாக ஆடிக்கொண்டிருந்தது. சாத்திப் பார்த்தான். மறுபடி மெதுவாகத் திறந்துகொண்டது. அது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"நிலை கோணிக்கிச்சு. சும்மா சாத்தினா நிக்காது, பூட்டினாத்தான் நிக்கும்" என்றார் மேனேஜர்.

"அன்னைக்கு நீங்க வந்து பார்க்கும்போது?"

"திறந்துதான் இருந்துச்சு மேடம். ஆடிக்கிட்டு இருந்துச்சு. அவர் வாசல்லயே கிடந்தார்."

அம்மா பையிலிருந்து ஒரு கந்தகத் திரியை எடுத்துக் கொளுத்தினார். அமோனியாக் கசிவைக் கண்டுபிடிக்க இந்தத் தொழிலில் அதுதான் வழி. கசிகிற இடத்தில் திரியைக் காட்டினால் பால்போல வெள்ளைப் புகை கிளம்பும். குழாய்க்குக் குழாய், மூட்டுக்கு மூட்டு காட்டிக்கொண்டே போனார். எங்கேயும் வெள்ளைப் புகை வரவில்லை. திரியை வாளியில் அமுக்கி அணைத்தார். பிறகு முழங்கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டு பையோடு கம்ப்ரெஸருக்குப் பின்னால் போய்க் குனிந்து எழுந்தார். திரும்பி வந்தபோது பை லேசாக இருந்ததை ஹாரன் கவனித்தான். காலையில் அந்தப் பையில் ஒரு கேன் இருந்தது. வீட்டுக் கண்ணாடி துடைக்கிற தண்ணீர் என்று சொல்லி அவனைத்தான் சுமக்க வைத்திருந்தார்.

அம்மா கதவடிக்கு வந்து தரையைப் பார்த்தார். ஆபரேட்டர் எப்படிக் கிடந்தார் என்று விசாரித்தார். குப்புற, முகத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாயை நிலைப்படியோரம் தரையில் வைத்தபடி என்றார் மேனேஜர்.

"அமோனியா காத்தைவிட லேசு, மேல ஏறும். அதனால அவர் கீழ படுத்துட்டார். தண்ணியைக் கண்டா அதுல கரைஞ்சிடும், அதனால துண்டை நனைச்சுக் கட்டிக்கிட்டார். ஒரு தப்பும் பண்ணல. எல்லாம் சரியா செஞ்ச மனுஷன் செத்திருக்கார்னா, கதவு ஒன்னுதான் அவர் கையில இல்லாம இருந்திருக்கு."

மேனேஜர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது கதவு சாத்திக்கொண்டது. இந்த முறை அது ஆடித் திறந்துகொள்ளவில்லை. வெளியே சாவி திரும்புகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஹாரன் பாய்ந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்து உலுக்கினான். அசையவில்லை. லிஃப்டுக்குள் கிடந்த அந்த அரை நாள் அப்படியே திரும்பி வந்து அவன் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று பார்த்தான். வாயில் ஈரமே இல்லை. தட்டினான். யாரும் குரல் கொடுக்கவில்லை.

"யார் பூட்டினது? வெளிய யார் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவனே நினைவுபடுத்திக்கொண்டான். வெளியே ஆபரேட்டரின் மனைவி மட்டும்தான் இருந்தாள்.

அடுத்து வந்தது நெடி. முதலில் மூக்கின் நுனியில் ஊசி குத்தியதுபோல. அப்புறம் கண். அப்புறம் தொண்டை.

"மேடம், இப்பத்தான் திரி பிடிச்சுப் பார்த்தீங்க. கசிவே இல்லையே."

"இப்ப இருக்கு. கீழ உக்காரு" என்றார் அம்மா. தானும் சேலைத் தலைப்பை வாளியில் நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

இந்த அமோனியா நல்ல வேலைக்காரன் என்று வருகிற வழியில் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். ஐஸ் கட்டும், வயலுக்கு உரமாகும், கண்ணாடியைப் பளிச்சென்று துடைக்கும். குழாய்க்குள் இருக்கிறவரை தங்கம். வெளியே வந்தால் தண்ணீரைத் தேடும். நம் உடம்பில் தண்ணீர் எங்கே இருக்கிறதோ, கண்ணில், மூக்கில், நெஞ்சில், அங்கே போய் ஒட்டிக்கொண்டு வெந்துபோகச் செய்யும். அப்போது ஹாரன் பாதிதான் காதில் வாங்கினான். மீதியை இப்போது அவன் கண்ணும் மூக்கும் சொல்லிக்கொடுத்தன.

சட்டையை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு அவனும் தரையோடு தரையாக உட்கார்ந்தான். மேனேஜர் உட்காரவில்லை. சுவருக்கும் கதவுக்குமாக நடந்தார். கதவை உதைத்தார். திரும்பி ஓடினார். கால் எதிலோ இடறியது. கம்ப்ரெஸருக்குப் பின்னாலிருந்து ஒரு கேன் உருண்டு வந்து கவிழ்ந்தது. உள்ளே இருந்தது தரையெங்கும் பரவியது. நெடி இரண்டு மடங்கானது.

ஹாரன் அந்தக் கேனைப் பார்த்தான். காலையில் தான் சுமந்த கேன். அம்மாவைப் பார்த்தான். அவர் இலேசாகத் தலையை அசைத்தார். கண்ணாடி துடைக்கிற தண்ணீர் என்பதும் அமோனியாத் தண்ணீர்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வலையை விரித்தது இவர்தான். சொல்லாமல் அவனையும் சேர்த்தே உள்ளே போட்டிருக்கிறார். நல்லா இருப்பீங்க மேடம் என்று மனசுக்குள் வாழ்த்தினான்.

"சார், பதற வேணாம், யாராவது வருவாங்க" என்றார் அம்மா, ஏதும் அறியாதவர்போல.

"வர மாட்டாங்க!" என்று கத்தினார் மேனேஜர். "தட்டினா வெளிய கேக்கும், ஆனா கிட்ட யாரும் வர மாட்டாங்க."

சொல்லிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். இருமிக்கொண்டே பேன்ட் காலைத் தூக்கினார். சாக்ஸுக்குள் விரலை விட்டு ஒரு சாவியை உருவினார். தடுமாறிக்கொண்டு கதவுக்கு ஓடித் துளையில் செருகினார். போகவில்லை. மறுபடி குத்தினார். வெளியிலிருந்து இன்னொரு சாவி துளைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. சாவி அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

ஹாரன் ஒரே எட்டில் அதை எடுத்துக்கொண்டான். அது மஞ்சளாக இல்லை. தலை கறுத்துப்போய், தண்டு முழுக்க நீலமும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

"மடியில கனம்னா வழியில பயம்னு சொல்வாங்க" என்றான் இருமலுக்கு நடுவே. "சாக்ஸ்ல கனம்னா என்ன சார் அர்த்தம்?"

அர்த்தத்தை அம்மா சொன்னார். ஹெல்பரின் சாவி பளபளவென்று இருக்கிறது. அமோனியா பட்ட சாவி அப்படி இருக்காது. போன வாரம் கசிந்தபோது இந்தக் கதவில் நின்றது வேறு சாவி. துளை வழியாக வாயு அடித்து, அப்புறம் வாயுவை அடக்க அடித்த ஹோஸ் தண்ணீரில் நனைந்து, ஒளித்து வைத்த இடத்தில் ஈரத்தோடு கிடந்து நீலம் பூத்த சாவி. அது தொலைந்துபோன சாவியாகத்தான் இருக்க வேண்டும். அதை ஏன் தூக்கி எறியவில்லை என்பதற்கு மட்டும் அவருக்கு ஹாரன் தேவைப்பட்டான். லிஃப்டில் ஒருமுறை மாட்டியவன் மெக்கானிக் நம்பர் இல்லாமல் லிஃப்டில் ஏற மாட்டான். இந்த அறைக்குள் ஒருவன் பூட்டப்பட்டுச் செத்ததைக் கேட்டுக்கொண்டு நின்றவன் இதற்குள் சாவி இல்லாமல் கால் வைப்பானா?

மேனேஜர் கதவில் சாய்ந்து சரிந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நெடியாலா, வேறெதனாலா என்று சொல்ல முடியவில்லை.

"விலை கம்மின்னு பித்தளை வால்வு ஒன்னு வாங்கிப் போட்டேன். போடாதீங்கன்னாரு. கேக்கல. அது வெடிச்சுப் பிளந்துடுச்சு. அவர் உள்ள இருந்தாரு. வாயு வெளிய வருது, கூடத்துல ஆளுங்க இருக்காங்க, கம்பெனியை மூடிடுவாங்க... கதவு சாத்தினா நிக்கல. பூட்டினேன். அவர் தட்டினாரு. நான் ஓடிட்டேன்."

"சத்தம் அடங்கினதும் வந்து திறந்தீங்க. சாவியை எடுத்தீங்க. வால்வை மாத்தினீங்க. பழியை அந்தப் பையன் தலையில கட்டினீங்க."

மேனேஜர் தலையை ஆட்டினார். கதவைத் திறக்கச் சொல்லுங்கள், யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிறேன் என்று கெஞ்சினார்.

சர்வேயர் அம்மா எழுந்துபோய்க் கதவில் மூன்று முறை தட்டினார். இடைவெளி விட்டு மறுபடி மூன்று. பேசிவைத்த அடையாளம் அது என்று ஹாரனுக்குப் புரிந்தது. அப்பாடா என்று மூச்சை விட்டான். விட்ட மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு எரிந்தது.

கதவு திறக்கவில்லை.

அம்மா மறுபடி தட்டினார். இந்த முறை கொஞ்சம் வேகமாக. வெளியே ஆள் இருப்பது தெரிந்தது. கதவடி இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல் விழுந்திருந்தது. அது அசையவில்லை. கவிழ்ந்த கேனின் தண்ணீர் அவர்கள் காலடிவரை வந்துவிட்டது. கேனை மூடிவைக்கிற கணக்கில்தான் அம்மா வந்திருந்தார். இப்போது மூட ஒன்றும் மிச்சமில்லை. ஹாரன் வாளியை எடுத்துத் தரையில் இருந்ததையெல்லாம் தண்ணீர் விட்டுத் தள்ளினான். வாளி காலியானது. திரும்பி அம்மாவைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் ரத்தம் வற்றி அவன் பார்த்ததில்லை. இது இவர் போட்ட திட்டத்தில் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துபோனது. அவனுக்கு வந்த பயத்தில் தன் பெண்டாட்டி முகம்கூட அன்பாக ஞாபகம் வந்தது.

அவன் குப்புறப் படுத்து இடுக்கில் வாயை வைத்தான். ஆபரேட்டர் கிடந்த அதே இடம்.

"அக்கா, உங்க தம்பி சாயங்காலம் கோர்ட்டுக்கு வரான். அவனைக் காப்பாத்துற சாவி என் கையில இருக்கு. கையோட நான் இங்கயே போயிட்டா, அதையும் யாராவது சாக்ஸ்ல போட்டுக்குவாங்க அக்கா."

மேனேஜர் அவன்மேல் விழாத குறையாகக் கதவை இரண்டு கையாலும் அறைந்தார். அறைந்துகொண்டே இருந்தார். முட்டியில் தோல் பிய்ந்தது.

அதன்பிறகுதான் சாவி திரும்பியது.

கதவு திறந்து காற்று உள்ளே வந்தது. வெறும் காற்று. அதை ஹாரன் அள்ளி அள்ளிக் குடித்தான். வாசலில் அவள் நின்றாள். பெல்ட்டைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் லோடு ஏற்றுகிற ஆட்கள் நான்கைந்து பேர் நின்றார்கள். மேனேஜர் போட்ட முதல் கூச்சலுக்கே ஓடிவந்து, நெடிக்குப் பயந்து எட்டி நின்றவர்கள். உள்ளே பேசியதெல்லாம் அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. மாமன் மச்சான் சண்டையைப் போலீஸிடம் சொன்னவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். மேனேஜர் தவழ்ந்து வந்து அவள் காலடியில் விழுந்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். குரல் உயரவே இல்லை.

"கதவைத் தட்டினா திறக்கணும் சார். அவ்வளவுதான். அதுக்கு ஐஸ் கம்பெனி தொழில் தெரிஞ்சிருக்க வேணாம்."

லோடு ஆட்கள் மேனேஜரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் முகத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றிய பிறகும் பிடித்த பிடியை விடவில்லை. சர்வேயர் அம்மா தன் போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். நீலச் சாவியையும் மஞ்சள் சாவியையும் வேறு வேறு காகிதத்தில் மடித்துக்கொண்டார். ஹாரன் ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் குட்டி ஹாரனைத் துடைத்துப் பார்த்தான். மின்னியது.

காரில் ஏறும்போது அம்மா அவனிடம், மன்னிச்சுக்க, சொல்லியிருந்தா நீ உள்ள வந்திருக்க மாட்ட என்றார். அவன் பயம் நிஜமாக இருந்தால்தான் மேனேஜர் நம்புவார் என்பது கணக்கு. மன்னிப்பை விடுங்க மேடம், இனிமே கண்ணாடித் தண்ணியை நீங்களே சுமங்க என்றான் ஹாரன். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினான். கோர்ட் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பின் சீட்டில் அவள் மடியில் பெல்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுதூரம் போனபிறகு தானாகவே பேசினாள்.

"நான் ஏன் உடனே திறக்கலன்னு நீங்க கேக்கல."

அம்மா திரும்பவில்லை. "கேக்க மாட்டேன்மா."

"அவர் எவ்வளவு நேரம் தட்டியிருப்பார்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு. நின்னு கேட்டேன். கேக்க முடியல மேடம். திறந்துட்டேன்."

முந்தின நாளிலிருந்து அழாதவள் அப்போது அழத் தொடங்கினாள். ஹாரன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். முன்னால் லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அவன் ஹாரனைக்கூட அடிக்காமல், அது நகரும்வரை பொறுமையாகக் காத்திருந்தான்.